கேப்டன் எடுத்த மீட்டர்

வெள்ளக்கடை பாக்கியநாதனின் மொபெட், அவன் கைக்கு வந்ததிலிருந்து ஒரு பெட்ரோல் பங்கின் வாசலைக்கூட மிதித்ததில்லை. எஸ்டேட் ரைட்டர் ஒருவரிடம் பழைய விலைக்கு வாங்கியது. மழையோ வெயிலோ, காலையில் ஏற்காடு ஏரிக்கு இறங்கும், சாயங்காலம் வெள்ளக்கடைக்கு ஏறும். அது பனித்துளி குடித்து ஓடுகிறது என்று ஊரில் பாதிப்பேர் நம்பினார்கள். மீதிப்பேருக்கு உண்மை தெரியும், சொல்ல மாட்டார்கள், அவர்களும் அவசரத்துக்கு அவனிடம்தான் ஒரு பாட்டில் வாங்கிப் போவார்கள்.

உண்மை ஏரியில் கிடந்தது. அங்கே ஓடிய ஒரே மோட்டார் படகுக்கு பாக்கியநாதன்தான் டிரைவர். படகு கரை சேர்ந்ததும் டேங்க் மூடியைத் திறப்பான், ஒரு ரப்பர் குழாயை விடுவான், வாயால் ஒரு இழு. அவ்வளவுதான். ஏரியில் ஓடிய படகும் மலையில் ஓடிய மொபெட்டும் ஒரே தாயிடம் பால் குடித்து வளர்ந்தன. அவன் வீட்டுக்குள் நுழைந்தால் அவன் மனைவி இன்பமேரி முதலில் விளக்கைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடுவாள். "பேசறதானா வெளியில நின்னு பேசுங்க. உங்க வாய்ல தீ புடிச்சா எனக்கு ஊடு போயிரும்" என்பாள்.

பெட்ரோலைவிட அவனுக்குப் பெரிது தொப்பி. வெள்ளைத் தொப்பி, முன்னால் தங்கக் கலரில் நங்கூரம். படகைக் குத்தகைக்கு எடுத்த முதலாளி கொடுத்தது. அதைத் தலையில் வைத்த நாளிலிருந்து கரடியூர் முதல் குப்பனூர் வரை அவன் பெயர் போய் 'கேப்டன்' ஆகிவிட்டது. மாதா கோயிலில் பூசைக்கு நிற்கும்போதுகூட தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொள்வானே தவிர கீழே வைக்க மாட்டான். அதற்கு முன்னால் அவன் காப்பிப் பழம் அரைக்கும் இயந்திரத்துக்குத் தண்ணீர் விடுகிறவன். தொப்பி போனால் மறுபடி அந்தத் தண்ணீர்க் குழாய்தான்.

முதலாளி நல்லமுத்து சேலத்து லாரிக்காரர். வாழ்நாள் முழுக்க டிரைவர்களோடு மல்லுக்கட்டியதில் அவருக்கு ஒரு ஞானம் பிறந்திருந்தது: ஸ்டியரிங்கைத் தொட்டவன் கை, டேங்கையும் தொடும். படகுக்கு வேண்டிய பெட்ரோலைக்கூட சேலத்திலேயே தன் கண்முன்னால் பிடித்து, எஞ்சின் இறுகாமலிருக்க வேண்டிய எண்ணெயை அதில் தானே கலந்து, கேன் வாயில் ஈயத்தால் முத்திரை குத்தி மலைக்கு அனுப்புவார். கேன் பத்திரமாக வந்து சேரும். ஆனால் டேங்கில் ஊற்றிய பிறகு என்ன ஆகிறது? அங்கேதான் அவருக்குத் தூக்கம் போனது.

"நம்ம மேட்டூர்ல ஒருத்தன் இதே எஞ்சினை ஓட்டறான். இதுல பாதிதான் குடிக்குதாம்" என்றார் ஒருநாள்.

"மலையில காத்து மெலிசுங்க மொதலாளி. காத்துக் கொறைஞ்சா எஞ்சின் பெட்ரோலை அள்ளிக் குடிக்குமுங்க" என்றான் பாக்கியநாதன். சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. என்ன செய்ய, திருடன் வாயில் வந்த உண்மை.

நல்லமுத்து சிரித்தார். அந்தச் சிரிப்பில் பல லாரி டிரைவர்கள் வேலை இழந்திருக்கிறார்கள். "அதைத்தான் கேப்டன் பாத்துப்புடலாமுங்களே. எஞ்சின் எவ்வளவு குடிக்குதுன்னு காட்டற மீட்டர் வந்துருக்குதாம். டேங்குக்கும் எஞ்சினுக்கும் நடுவால மாட்டிட்டா, போற ஒவ்வொரு சொட்டையும் எண்ணிச் சொல்லிரும். ஊத்துனது இத்தன, மீட்டர் எண்ணுனது இத்தன. நடுவால தொலைஞ்சது எத்தனன்னு தெரிஞ்சிரும். கெளம்புங்க சேலத்துக்கு. மீட்டரை நீங்கதான் எடுக்கோணும்."

"நானுங்களா?"

"நீங்களேதானுங்க. எங்கிட்ட அதான் வழக்கம். எந்த டிரைவரானாலும் அவன் வண்டிப் பூட்டை அவனே பாத்து எடுக்கோணும். நாளைக்குப் பூட்டுச் சரியில்லீங்கன்னு யாரும் எங்கிட்ட வந்து நிக்கப்படாது பாருங்க."

பாக்கியநாதன் தொப்பியை இழுத்து அழுத்திக்கொண்டு அவர் பின்னால் நடந்தான்.

சேலத்தில் மாதேஸ்வரன் என்பவர் கடை. தராசிலிருந்து தண்ணீர் மீட்டர் வரை அளப்பது எதுவானாலும் அங்கே கிடைக்கும், கடைக்காரரே ஆளைப் பார்த்தவுடன் எடை சொல்லிவிடுவார் என்று பேர். மேசைமேல் மூன்று மீட்டர்களை வைத்தார்.

முதலாவதைத் தள்ளி வைத்தார். "இது டீசலுக்குங்கண்ணா. டீசல் எஞ்சின்ல மிச்சம் திரும்பி டேங்குக்கே போகும், அதனால போறதுக்கு ஒண்ணு, வர்றதுக்கு ஒண்ணுன்னு ஜோடியா இருக்குது. உங்க படகுக்கு எதுக்கு?"

அடுத்தது சின்னது. பித்தளை உடம்பு, தீப்பெட்டி அகலம்கூட இல்லாத முகம். "இதுக்குள்ள இருக்கற சக்கரம் துளியூண்டு. சொட்டுச் சொட்டாப் போனாலும் சுத்தும். உங்க எஞ்சினுக்கு இதாங்கண்ணா சரி."

மூன்றாவதைப் பார்த்ததும் நல்லமுத்துவின் கண் விரிந்தது. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு முகம், சிவப்பு முள், அதன் அடியில் மொத்தக் கணக்கைக் காட்டும் எண்கள், ஓரமெல்லாம் வெள்ளி மாதிரி மின்னியது. சென்னைத் துறைமுகத்தில் ஏதோ பெரிய வேகப் படகில் இருந்து கழற்றியதாம்.

"அது ராட்சசன்" என்றார் மாதேஸ்வரன். "பெரிய எஞ்சினுக்கு ஆனது. உள்ள சக்கரம் பெருசு. பெட்ரோல் அடிச்சுக்கிட்டு வந்தாத்தான் சுத்தும். மெல்லப் போனா, பெட்ரோல் பக்கத்தால நழுவிப் போயிருமே ஒழிய சக்கரம் அசையாது. எண்ணாது."

எண்ணாது. அந்த ஒரு சொல் பாக்கியநாதன் காதில் திருப்பலி மணி மாதிரி விழுந்தது. இரண்டு காவல்காரர்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஒருவன் கொசு பறந்தாலும் எழுந்து உட்காருவான். இன்னொருவன் இடி விழுந்தால்தான் கண் திறப்பான். எந்தத் திருடன் எவனை எடுப்பான்? இதற்கு யோசனை வேறு வேண்டுமா?

"மொதலாளி, மீட்டர்னா டூரிஸ்ட்டுக்குத் தெரியற மாதிரி கம்பீரமா இருக்கோணுமுங்க" என்றான். "அந்தச் சின்னதைப் பாத்தா சட்டைப் பொத்தானாட்டம் இருக்குது."

"தாளி, எனக்கும் அதான் தோணுச்சு!" என்றார் நல்லமுத்து, மின்னுகிற ஓரத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

மாதேஸ்வரன் பாக்கியநாதனை ஒரு பார்வை பார்த்தார். எடை போடுகிற பார்வை. பிறகு ராட்சசனைக் காகிதத்தில் சுற்றினார்.

மீட்டரை மாட்டியதும் படகுக்கே ஒரு களை வந்தது. பாக்கியநாதனுக்கும் வந்தது. கோடை விழா கூட்டம், புதுமணத் தம்பதிகள் வருவார்கள், தீவுத் தோட்டத்தைச் சுற்றி மெல்ல மெல்லப் போகச் சொல்வார்கள். அவனும் பூனை நடக்கிற மாதிரி ஓட்டுவான். சிவப்பு முள் பூஜ்யத்தில் தலை சாய்த்துத் தூங்கும். சாயங்காலம் ரப்பர் குழாயை விடுவான், முன்னைவிடத் தாராளமாக ஒரு இழு இழுப்பான். வெள்ளக்கடையில் அந்த வாரம் ஓடாத மொபெட்டே இல்லை.

வியாழக்கிழமை ராத்திரிச் சோற்றின்போது பெருமை தாங்காமல் இன்பமேரியிடம் சொல்லிவிட்டான். அவள் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"ஏனுங்க, நீங்க கொழம்பைத் தலையில ஊத்திக்கிட்டா மூளை வேலை செய்யுமா?"

"என்ன புள்ள சொல்ற?"

"பானையில அரிசி கொறையுது. சோத்தை அளந்து பாக்கறாங்க, போட்ட அரிசிக்குத் தக்கன வரலீங்க. சோறு எவ்வளவு கொறைச்சலா வருதோ, அவ்வளவுக்கு அரிசி திருடு போயிருக்குதுன்னுதான சொல்லுவாங்க? மீட்டர் எண்ணலீன்னா எஞ்சின் குடிச்சதும் உங்க கணக்குத்தானுங்க! நீங்க குடிச்சதும் உங்க கணக்கு, அது குடிச்சதும் உங்க கணக்கு!"

பாக்கியநாதன் தட்டைத் தள்ளி வைத்தான். காவல்காரன் தூங்கினால் திருடனுக்கு நல்லதுதான். ஆனால் இந்த ராட்சசன் காவல்காரன் இல்லையே, சாட்சி. 'எஞ்சின் இத்தனை குடித்தது' என்று அவனுக்காகச் சொல்ல வேண்டிய ஒரே சாட்சி. அந்தச் சாட்சியைத்தான் அவன் ஊமையாகப் பார்த்து எடுத்து வந்திருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை நல்லமுத்து கணக்குப் பார்க்க வருகிறார்.

வெள்ளி விடிந்ததிலிருந்து பாக்கியநாதன் ரப்பர் குழாயைத் தொடவில்லை. மொபெட்டை மேட்டில் தள்ளிக்கொண்டு போனான். அது தன் வாழ்நாளில் சுமந்ததற்கெல்லாம் சேர்த்து அவன் தோளில் ஏறிக்கொண்டு போனது போலிருந்தது. ஏரியிலோ புயல். முள்ளை எழுப்ப வேண்டுமே! எஞ்சினை முழுசாக முறுக்கினான். படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு பறந்தது. துடுப்புப் படகுகள் கரையில் ஏறி உட்கார்ந்தன. வாத்துகள் நடந்து ஊரைவிட்டுப் போயின. ஏறும்போது ஒருவரோடொருவர் பேசாத ஒரு மதுரைத் தம்பதி, இறங்கும்போது கையைக் கோத்துக்கொண்டு அழுதார்கள். முள் எழுந்தது, எண்ணியது, சரியாக எண்ணியது. ஆனால் எழுந்தவன் அன்றைய சொட்டைத்தான் எண்ணுகிறான். தூங்கினபோது போனதை யார் எண்ணுவது? வெட்டின பள்ளம் வெட்டினபடியே கிடந்தது.

காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிற அந்தோணியாரிடம் முழந்தாளிட்டான். பாதி ஜெபத்தில்தான் உறைத்தது: இந்த விஷயத்தில் அவர் எதையும் கண்டுபிடிக்காமல் இருப்பதே நல்லது. பேசாமல் எழுந்து வந்துவிட்டான்.

ஞாயிறு. பூசை முடிந்து அவன் ஏரிக்கு வந்தபோது அம்பாசிடர் கார் நின்றுகொண்டிருந்தது. நல்லமுத்து படகில் உட்கார்ந்து மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலிக் கேன்கள் கரையில் வரிசையாக நின்றன, சாட்சிக் கூண்டுக்கு வந்த மாதிரி. அவர் மனைவி வேலம்மாள் குடையைப் பிடித்துக்கொண்டு ஒரு கல்லின்மேல் நின்றிருந்தார்.

"ஊத்துனதுல பாதிகூட மீட்டர் எண்ணலீங்க கேப்டன்" என்றார் நல்லமுத்து. குரல் தாழ்ந்திருந்தது, அதுதான் பயங்கரம். "பாதி. எங்கிட்ட இருந்த மகா திருடன்கூட கால்வாசிக்கு மேல கை வெச்சதில்லீங்க. பூட்டு நீங்களே எடுத்தது. ஏதாச்சும் சொல்லோணுமுங்களா?"

பாக்கியநாதன் வாயைத் திறந்தான். மீட்டர் எண்ணவில்லை என்று சொன்னால், தெரிந்துதானே எடுத்தாய் என்பார். சொல்லாவிட்டால் திருடன். வாயை மூடினான்.

"தொப்பியைக் கழட்டி வைங்க."

கழற்றினான். இருவருக்கும் நடுவிலிருந்த பலகையில் வைத்தான். தலை மொட்டையடித்த மாதிரி குளிர்ந்தது.

"இவ்வளவு தூரம் வந்துட்டு ஒரு சுத்துகூட இல்லாமயா போறது?" என்றார் வேலம்மாள். "அவரை விரட்டிட்டா அப்புறம் யாரு ஓட்டுவா? நீங்களா?"

நல்லமுத்து பல்லைக் கடித்தார். முத்திரை உடைக்காத கேன் ஒன்றை எடுத்து, தானே உடைத்து, டேங்கை மூடி வரை நிரப்பினார். மூடியை இறுக்கி அதன்மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டார். "இப்பத் தொடு பாக்கலாம்" என்று சொல்லவில்லை, அந்தக் கையே சொன்னது.

படகு கிளம்பியது. பழக்கதோஷத்தில் பாக்கியநாதன் எஞ்சினை முறுக்கினான். முள் துள்ளியது. அதே நேரம் வேலம்மாள் ஏற்காடு மலை முழுக்க எதிரொலிக்கிற மாதிரி கத்தினார். "அய்யோ சாமி! மெல்ல! மெல்லப் போங்க! எனக்குத் தண்ணின்னா ஆகாது!"

அவன் கை தானாகத் தளர்ந்தது. முள் பூஜ்யத்துக்குச் சாய்ந்து மறுபடி உறங்கிவிட்டது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டே திரும்பினான். நல்லமுத்துவின் பார்வை மீட்டர்மேல் இருந்தது. எஞ்சின் உறுமுகிறது, படகு நகர்கிறது, முள் செத்துக் கிடக்கிறது. அவர் ஒருமுறை எஞ்சினைப் பார்த்தார், ஒருமுறை முள்ளைப் பார்த்தார்.

பாக்கியநாதனுக்கு அப்போதுதான் மண்டையில் பளிச்சென்றது. அவன் இத்தனை நாள் முள்ளை எழுப்பி எழுப்பிச் செத்தான். எழுப்பக் கூடாது! தூங்க விட வேண்டும், முதலாளி கண்ணெதிரே, அவர் கை டேங்கின்மேல் இருக்கும்போதே!

"அம்மா பயப்படறாங்க, இன்னும் மெல்லப் போறனுங்க" என்றான்.

அப்படி மெல்ல அந்த ஏரியில் எந்தப் படகும் போனதில்லை. பாசி அவர்களைத் தாண்டிப் போனது. தீவைச் சுற்றினார்கள், மறுபடி சுற்றினார்கள். வேலம்மாள் குடையை மடக்கிவிட்டுப் பாட்டு முணுமுணுத்தார். நல்லமுத்து மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காது மடல் மட்டும் மெல்லச் சிவந்துகொண்டே வந்தது. நடு ஏரியில் திடீரென்று, "நிறுத்துங்க" என்றார்.

எஞ்சின் அடங்கியது. மூடியைத் திறந்தார், குச்சியை விட்டுப் பார்த்தார். டேங்க் நன்றாகவே இறங்கியிருந்தது. மீட்டர் கிளம்பும்போது துள்ளின அந்தத் துளியைத் தவிர எதையும் எண்ணியிருக்கவில்லை.

"எங் கைக்கு அடியில இருந்து எவன் திருடினான்?" என்றார் தனக்குத்தானே. பிறகு நிமிர்ந்தார். "இந்த மீட்டர் மெல்லப் போனா எண்ணாதுன்னு கடைக்காரன் சொன்னானுங்களே, எனக்கு இப்பத்தான் நெனப்பு வருது. நீங்களும் கேட்டீங்க. அப்புறம் எதுக்கு இதையே எடுத்தீங்க?"

பாக்கியநாதன் எஞ்சினைத் துடைக்கத் துணியைத் தேடினான். இந்தக் கேள்விக்கு உலகத்தில் ஒரே ஒரு பதில்தான் உண்டு. அது நாக்கு நுனிவரை வந்து நின்றது.

வேலம்மாள்தான் கையை வீசினார். "அட நீங்க ஒண்ணு. திருடறவனா இருந்தா கொறைச்சு எண்ணறதையா எடுப்பான்? நெறைய எண்ணறதையில்ல எடுப்பான், திருடுனதையும் எஞ்சின் கணக்குல எழுத! இவரைப் பாத்தா அந்தக் கணக்குத் தெரியற மூஞ்சியாட்டமா இருக்குது?"

நல்லமுத்து அவன் மூஞ்சியை நிறுத்தி நிதானமாகப் பார்த்தார். பெரிய பெரிய திருடர்களைப் பார்த்த கண். அந்த மூஞ்சியில் கணக்கே இல்லை என்பது தெளிவாகத் தெரிந்தது. அவர் மெல்லப் பலகையில் கை வைத்தார். தொப்பியை எடுத்தார். தூசியைத் தட்டி நீட்டினார்.

"வெச்சுக்குங்க. நாளைக்கே அந்தச் சின்ன மீட்டரை மாட்டிரலாம். உங்க பேர் கெடப்படாது பாருங்க."

தன் வாழ்நாளில் பாக்கியநாதன் தன் முட்டாள்தனத்துக்கு இவ்வளவு நன்றி சொன்னதில்லை.

சின்ன மீட்டர் வந்தது. கொசு பறந்தாலும் எண்ணியது. ரப்பர் குழாயை அவன் கிணற்றில் போட்டான். ராட்சசனைக் கடையில் திருப்பிக் கொடுக்க மொபெட்டில் கிளம்பினான். டேங்க் காய்ந்திருந்ததால் கொண்டை ஊசி வளைவுகள் எல்லாவற்றையும் எஞ்சினே போடாமல் உருட்டிக்கொண்டே இறங்கி, மீதித் தூரத்தை மிதித்தும் தள்ளியும் கடை சேர்ந்தான். திரும்பும்போது அடிவாரத்துக்கு முன்னால் ஒரு பங்க். வண்டியை உள்ளே விட்டான். புது மாப்பிள்ளை மாமனார் வீட்டுக்குள் நுழைகிற மாதிரி மொபெட் கூசிக்கொண்டு நின்றது.

"ஆயில் ஊத்தட்டுங்களா?" என்றான் பங்க்காரன்.

பங்க்காரன் தன்னை ஏமாற்றப் பார்க்கிறான்! "எதுக்கு, தலைக்கா?" என்றான் பாக்கியநாதன் கெத்தாக. "வெறும் பெட்ரோலை ஊத்துப்பா."

பாதி மலை ஏறுவதற்குள் மொபெட் ஒரு கிறீச்சோடு நின்றது. மிதித்தான், அசையவில்லை. உள்ளே எல்லாம் ஒட்டிக்கொண்டு கல்லாகிவிட்டது. சில்வர் ஓக் மரத்து மிளகுக்கொடியில் ஒரு குருவி மட்டும் சிரித்தது. வளைவில் தள்ளிக்கொண்டு நிற்கும்போது கீழேயிருந்து அம்பாசிடர் வந்தது. பக்கத்தில் நின்றது. நல்லமுத்து இறங்கினார்.

"என்னாச்சுங்க கேப்டன்?"

"தெரியலீங்க மொதலாளி. இப்பத்தான் பங்க்ல போட்டேன். திடீர்னு இறுகிப் போச்சு."

லாரிக்காரர் குனிந்தார். டேங்க் மூடியைத் திறந்தார். ஒரு விரலை விட்டு எடுத்து மூக்கருகே கொண்டுபோனார், கட்டைவிரலோடு தேய்த்துப் பார்த்தார். எண்ணெய்ப் பிசுபிசுப்பே இல்லை. பிறகு மூடியின் உள்பக்கத்தைத் தடவினார். அங்கே பல வருடத்து எண்ணெய், அவர் சேலத்தில் தன் கையால் கலக்கிற அதே எண்ணெய், கருப்பாகப் படிந்திருந்தது. அதையும் முகர்ந்தார். நெடுநேரம் முகர்ந்தார்.

பாக்கியநாதனின் கை தானாகத் தொப்பிக்குப் போனது. கழற்றிக் கொடுத்துவிடுவதே மரியாதை என்று பட்டது.

நல்லமுத்து அந்தக் கையைத் தட்டிவிட்டார். மூடியைத் திருகி மூடினார். விரலை அவன் சட்டையிலேயே துடைத்தார்.

"பங்க்ல ஆயிலைத் தனியாக் கேட்டு வாங்கோணுமுங்க கேப்டன்" என்றார். "நம்ம ஏரியில கெடைக்கறாப்பல கலந்து குடுக்க மாட்டாங்க."

கார் கிளம்பிப் போய்விட்டது. வேலம்மாள் பின் கண்ணாடி வழியாகக் கையசைத்துக்கொண்டே போனார். பாக்கியநாதன் தொப்பியை இரண்டு கையாலும் இறுக்கி அழுத்திக்கொண்டு, கல்லான மொபெட்டை மேலே தள்ளத் தொடங்கினான்.